வடக்கே சூலம், பதினாலாயிரம் கிலோமீட்டர்

என் கணவர் சர்வே டிபார்ட்மென்டில் முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்தவர். ரிட்டயர் ஆனபிறகு அளக்க நிலம் கிடைக்கவில்லை. வீட்டை அளந்தார், மாடிப்படியை அளந்தார், பெங்களூரில் எங்கள் லிங்கராஜபுரம் பஸ் ஸ்டாப்புக்கு எத்தனை தப்படி என்று எண்ணி வைத்துக்கொண்டார். நான் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினால், "போக வர எண்ணூறு தப்படிதான், அதுக்கு ஒரு மணி நேரமா?" என்று கேட்பார். "நடுவுல நாலு பேரோட பேசிட்டு வந்தேன், அதையும் அளந்துக்குங்க" என்பேன். அளவு நாடாவுக்கு அடுத்தபடியாக அவர் நம்புவது பஞ்சாங்கத்தை. இரண்டும் ஒரே மேஜை டிராயரில் சண்டையில்லாமல் கிடக்கும்.

எங்கள் ஒரே பெண் சான்பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கிறாள். அவளுக்குப் பிரசவம் என்று அடுத்த மாதத்துக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தோம். திடீரென்று ஒரு நாள் காலையில் போன் செய்தாள். குழந்தை குறுக்கே படுத்திருக்கிறதாம், டாக்டர் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டாராம், வருகிற புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா, இங்க இதெல்லாம் சாதாரணம்" என்று அவளே சொன்னாள். அதோடு விடவில்லை. "உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி உன் மொகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போகணும்மா. வேற ஒண்ணும் வேணாம்."

சின்ன வயசில் பொம்மை கேட்டு அழாத பெண். காலேஜில் இரண்டு சுடிதாரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போனவள். அவள் வாய் திறந்து ஒன்று கேட்டாள் என்றால் அதை எப்படிச் செய்யாமல் இருப்பது? "வந்து நிக்கிறேன் பாரு" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, டிக்கெட் மாற்றப் போனால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு இருபதுக்குப் பெங்களூரில் கிளம்பி எங்கேயும் இறங்காமல் நேரே போகிற விமானம். அங்கே செவ்வாய்க்கிழமை சாயங்காலமே போய் இறங்கிவிடும். அதை விட்டால் அடுத்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை போய் யார் முகத்தை யார் பார்ப்பது? செவ்வாய்க்கே போட்டோம்.

டிக்கெட் வந்ததும் இவர் பரண்மேல் ஏறினார். பெண் ஸ்கூலில் படிக்கும்போது வாங்கின உலக உருண்டையை எடுத்து, தூசி தட்டி, என் தையல் டப்பாவிலிருந்து நூலை உருவினார். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து நூலோடு பெங்களூர்மேல் வைத்தார். "எடுக்காத." நூல் மேற்கே அரபிக்கடல் பக்கம்தான் போகும் என்று நினைத்தேன். அட்லஸில் அமெரிக்கா அந்தப் பக்கம்தானே இருக்கிறது! இவர் மறுமுனையை இறுக்கி இழுத்தாரோ இல்லையோ, நூல் வழுக்கிக்கொண்டு மேலே போய்விட்டது. இமயமலை, சீனா, ரஷ்யா, மேலே இருக்கிற பனிக்கட்டி எல்லாவற்றையும் தாண்டி அந்தப் பக்கம் கீழே இறங்கியது.

"மேப்பு தட்டை, பூமி உருண்டை. குறுக்கு வழி இதுதான்" என்றார். நூலை ஸ்கேலில் வைத்துக் கணக்குப் போட்டார். "பதினாலாயிரம் கிலோமீட்டர்னு வெச்சுக்கோ. பதினேழு மணி நேரம்." முகத்தில் அப்படி ஒரு பெருமை, ஏதோ இவரே போய்ச் சங்கிலி பிடித்து அளந்துவிட்டு வந்ததுபோல. அடுத்த நிமிஷம் முகம் செத்துப்போயிற்று.

"வடக்கே போகுதே."

"போகட்டுமே. உங்களுக்கென்ன?"

"செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம்."

பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசை ஆகாது. செவ்வாய்க்கு ஆகாதது வடக்கு. சரி, பதினாலாயிரம் கிலோமீட்டரை விடுங்கள், ஏர்போர்ட்டுக்குப் போக நாங்கள் ஏறுகிற டாக்சியே வடக்கேதான் போகவேண்டும். தேவனஹள்ளி எங்கள் வீட்டுக்கு நேர் வடக்கு. "ரெண்டு வடக்கு" என்று விரலை நீட்டிக் காட்டினார். பதினேழு மணி நேரம் ஆகாயத்தில் போகிற சாமானுக்கு லிங்கராஜபுரத்துச் சூலம் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டேன். "உனக்கு எல்லாம் விளையாட்டு. போறது பிரசவத்துக்கு" என்றார். எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

இதற்குப் பரிகாரம் உண்டு. கிளம்பும்போது பால் குடிக்கலாம். அது போதாது என்று தோன்றினால் பரஸ்தானம் வைக்கலாம். அதாவது, முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து நம் சாமான் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், நாம் அப்போதே பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போனால் போதும். இவர் இரண்டையும் செய்வது என்று முடிவு செய்தார்.

திங்கட்கிழமைக்கு ஆகாத திசை கிழக்கு. அதனால் கிழக்கு வீடு தள்ளுபடி. வடக்கே அடுத்த வீட்டில் இருப்பவள் பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள். தனியாக இருக்கிறாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம். கிறிஸ்துமஸுக்கு அவள் கேக் எங்கள் வீட்டுக்கு வரும், பிள்ளையார் சதுர்த்திக்கு என் கொழுக்கட்டை அவள் வீட்டுக்குப் போகும். திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, ராகுகாலம் முடிந்த கையோடு, இவர் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் பின்னால் போனேன்.

"இன்னாண்ணா, அமெரிக்கா போறேன்னு சொல்லிட்டு என் வீட்டுக்கு டூர் வந்துகினு இருக்கீங்க?" என்று அவள் சிரித்தாள். இவர் விஷயத்தை விளக்கினார். "அதுக்கென்ன, உங்க பை இன்னிக்கு என் வீட்ல தூங்கட்டும். நாளைக்கு எனக்கு செகண்ட் ஷிஃப்ட்டு. மத்தியானம் வரைக்கும் வீட்லதான் இருப்பேன்" என்று வாங்கிக்கொண்டாள். பையில் ஒரு பிடி அரிசியும் ஒரு மஞ்சள் கிழங்கும் ஒரு துண்டும் இருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு டாக்சி வந்துவிட்டது. டிரைவர் ஆனேக்கல்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். இவர் ஒரு டம்ளர் பாலைக் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு பையை வாங்கப் போனார். நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் இவர் அடுத்த வீட்டு வாசலில் அப்படியே நிற்கிறார். கதவில் இந்தப் பெரிய பூட்டு.

"சரி விடுங்க, எங்கயாவது அவசரமா போயிருப்பா. ஒரு பிடி அரிசிதானே, வந்து வாங்கிக்கலாம். ஏறுங்க" என்றேன்.

இவர் ஏறவில்லை. "அதுல..." என்றார்.

"அதுல என்ன?"

"பாஸ்போர்ட் இருக்கு."

"யாரோடது?"

"ரெண்டும்."

ஏன் என்று கேட்டேன். பழைய துண்டை வைத்தால் துண்டு கிளம்பின மாதிரிதான் ஆகுமாம், நாங்கள் கிளம்பின மாதிரி ஆக வேண்டுமென்றால் எங்கள் அடையாளம் அதில் இருக்கவேண்டுமாம். பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, அதைவிட அடையாளம் வேறெது என்று யோசித்து வைத்தாராம். சர்வே டிபார்ட்மென்ட் மூளை! நடுத்தெருவில் நின்று நான் கத்தின கத்தலில் எதிர்வீட்டு நாய் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. "முப்பத்திமூணு வருஷமா உங்க பஞ்சாங்கத்தைச் சுமந்தேன். இன்னைக்கு என் பொண்ணு தலையில கொண்டுவந்து வெச்சிட்டீங்களே!" இவர் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அவளுக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போனை எடுத்துப் போக விடமாட்டார்கள், லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று அவள் சொல்லியிருப்பது ஞாபகம் வந்தது. அப்படியானால் வேலைக்குத்தான் போயிருக்கிறாள். டீ நேரம் ஒன்பதரைக்கு. அதுவரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது. இவர் பூட்டை உடைக்கிறேன் என்று சுத்தியல் எடுத்து வந்தார். மூன்று அடியில் ஒன்று பூட்டில் பட்டது, இரண்டு கட்டைவிரலில் பட்டது.

ஒன்பது முப்பத்திரண்டுக்கு அவளே கூப்பிட்டாள். "இன்னாக்கா, இருபது மிஸ்டு கால் கீது? ஷிஃப்ட் மாத்திட்டாங்க. வெடியகாலையில உங்கள எழுப்ப வேணாமேன்னு வந்துட்டேன். மூணு மணிக்கெல்லாம் வூட்டுக்கு வந்துருவேன். பை பத்திரமா பீரோவுல பூட்டிக்கீது, பாஸ்போர்ட்டெல்லாம் இருந்துச்சே."

"பிளைட் ரெண்டு இருபதுக்கும்மா!"

"மத்தியானமா? அமெரிக்கா பிளைட்டுன்னா நடுராத்திரிதானக்கா!"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இவர் "நாளைக்கு" என்று சொன்னாரே தவிர எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. பெங்களூரில் யாரைக் கேட்டாலும் அமெரிக்காவுக்கு ராத்திரியில்தான் போவார்கள் என்றுதான் சொல்வார்கள். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "சாவி ரெண்டும் என்கிட்டதான் கீது. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு மெட்ரோ புடிச்சு வரேன். நீங்க எங்கயும் போவாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

எங்கே போவது? பொம்மசந்திரா ஊருக்குத் தெற்குக் கோடி, ஏர்போர்ட் வடக்குக் கோடி, நடுவில் நாங்கள் நான்கு பெட்டிகளோடு. டிரைவர், "மேடம், டென்ஷன் பேடா, பயப்பட வேணாம். பதினொன்றரைக்குள்ள கைக்குப் பை வந்தா சாகு, அது போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது என்று அவர் போயிருந்தால் நாங்கள் என்ன செய்திருக்க முடியும்? மகராஜன், சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பெண் மெசேஜ் அனுப்பினாள். கிளம்பிட்டீங்களா என்று. அங்கே அவளுக்குத் திங்கட்கிழமை ராத்திரி. "கிளம்பியாச்சு" என்று அனுப்பினேன். எட்டிப் பார்த்தவர், "பொய்யில்ல, பரஸ்தானப்படி நேத்தே கிளம்பியாச்சு" என்றார். நான் பார்த்த பார்வையில் நகர்ந்து போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. என்ன என்று அதட்டினேன். "பொம்மசந்திரா இங்கேருந்து முப்பது கிலோமீட்டர், அவ வர ரெண்டு மணி நேரம். இந்த வேகத்துல அமெரிக்கா போனா முப்பத்தொன்பது நாள் ஆகும்" என்றார்.

சிரித்துத் தொலைத்துவிட்டேன். என்ன செய்ய, வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. அப்போதுதான் இவர், வீங்கின கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, "தப்புப் பண்ணிட்டேன். அவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான்..." என்றார். முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனுஷன் தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு தடவை சொல்லமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். சொன்னபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை. கையைக் காட்டுங்க என்று சொல்லி, பக்கத்துக் கடையில் ஐஸ் வாங்கிவந்து விரலில் வைத்தேன்.

பதினொன்று முப்பத்தைந்துக்குத் தெருமுனையில் ஆட்டோ நின்றது. சின்னச் சந்து, எதிரே தண்ணி லாரி, ஆட்டோ உள்ளே வர முடியவில்லை. அவள் கம்பெனி நீலக் கோட்டோடு, தலையில் மாட்டின வலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். வழியெல்லாம் மூன்று ரயில் மாறி நின்றுகொண்டே வந்திருக்கிறாள். பூட்டைத் திறந்து, பீரோவைத் திறந்து, மஞ்சள் பையை என் கையில் வைத்தாள். நான் ஓடத் திரும்பினேன். அவள் என் கையை விடவில்லை.

"ஒரு நிமிஷம்க்கா. ஜெபம் பண்ணிட்டு அனுப்பறேன்."

தலையில் கை வைத்தாள். "ஆண்டவரே, இந்த அக்காவ அவங்க பொண்ணுகிட்ட நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேருங்க. தாயும் பிள்ளையும் நல்லா இருக்கணும் ஆண்டவரே. இந்த அண்ணனுக்கு நல்ல புத்தி குடுங்க." அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. எங்கள் எல்லோரிலும் பலமாக ஆமென் சொன்னது என் கணவர்தான்.

அப்புறம் டிரைவர் ஓட்டின ஓட்டத்தைப் பற்றிச் சொன்னால் அவர் லைசென்ஸுக்கு ஆபத்து. ஹெப்பால் தாண்டும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்குக் கவுண்டரில் நின்றோம். மூட அரை மணி நேரம் இருந்தது. பையைக் கவிழ்த்தபோது பாஸ்போர்ட்டோடு அரிசியும் கொட்டிற்று. அங்கே இருந்த பெண் ஒரு அரிசியை எடுத்துப் பார்த்து, மஞ்சள் கறை பட்ட அட்டையைப் பார்த்து, எங்களைப் பார்த்தாள். "பரஸ்தானமா ஆன்ட்டி? எங்க வீட்லயும் பண்ணுவாங்க. ஆனா பாஸ்போர்ட்ட வெக்க மாட்டாங்க" என்றாள். இவர் கூரையில் விளக்கு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

விமானம் வடக்கே போகவில்லை. முன்சீட்டு முதுகில் இருந்த திரையில் பார்த்தால், வங்காள விரிகுடாவைத் தாண்டிச் சீனா, ஜப்பான் என்று கிழக்கு வாக்கிலேயே போயிற்று. காற்று சாதகமாக இருக்கிற பக்கம் போவார்களாம், பணிப்பெண் சொன்னாள். நூல் பொய்யாகிவிட்டதே என்று இவருக்கு வருத்தம், சூலம் இல்லையே என்று சந்தோஷம், எதைப் படுவது என்று தெரியாமல் ஜப்பான்வரை வந்தார். பசிபிக் கடல்மேல் வேறு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. தேதிக்கோட்டைத் தாண்டினால் மறுபடியும் செவ்வாய்க்கிழமை ஆரம்பிக்கும். அப்படியானால் செவ்வாய்க்கிழமை ராகுகாலம் இரண்டாம் முறையும் வருமா? என் தோளைத் தட்டிக் கேட்டார். "வந்தா வரட்டும், ஒரு தடவ பாத்த மொகம்தானே, விட்டுடும். தூங்குங்க" என்றேன்.

நான் தூங்கவில்லை. திரையில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று எண் குறைந்துகொண்டே வரும். ஒன்பதாயிரம், ஆறாயிரம், இரண்டாயிரத்து நானூறு. ஒவ்வொரு ஆயிரத்துக்கும் மனசுக்குள் ஒரு வசனம் தயார் செய்தேன். பயப்படாதே, நான் வெளியிலேயே இருப்பேன், மயக்கம் தெளிஞ்சதும் என்னைத்தான் பாப்பே. இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் நிறையும் அளவுக்குத் தைரியம் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

இறங்கி, கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது இரவு எட்டு மணி இருக்கும், வெளிச்சம் இன்னும் போகவில்லை. மாப்பிள்ளை மட்டும் வருவதாகத்தான் ஏற்பாடு. கதவு திறந்தது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பெண் நின்றிருந்தாள். வயிறு கம்பியில் இடித்தது. கால் வீங்கி, மாப்பிள்ளையின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"அறிவிருக்காடி உனக்கு? விடிஞ்சா ஆபரேஷன், இங்க வந்து நிக்கிற? உன்னப் படுத்திருக்கச் சொல்லல?" என்று அங்கிருந்தே கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"காலையில வரைக்கும் காத்திருக்க முடியலம்மா" என்றாள்.

சேர்த்து வைத்த வசனம் ஒன்றுகூட வரவில்லை. கிட்டே போய் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கன்னம் உப்பி, கண்ணுக்குக் கீழே கறுத்து, மூக்கு அகன்று, பிள்ளைத்தாய்ச்சி முகம். மூன்று வருஷமாகிறது நேரில் பார்த்து. என் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று அவள் கேட்டுவிட்டாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று நான் ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை, பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று.

"போதும்மா, எல்லாரும் பாக்கறாங்க. பாத்தாச்சில்ல? வா போலாம்" என்று சிரித்தாள்.

"இருடி" என்றேன். "நான் இன்னும் பாத்து முடிக்கல."